ஹோல்கர் போட்ட கையெழுத்து

ரகு,

கூடத்தில் உட்கார்ந்துகொண்டு மாடியில் இருக்கிற பிள்ளைக்குக் கடிதம் எழுதும் அம்மா இந்த மந்தைவெளியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நேரில் சொல்ல ஆரம்பித்தால் நீ கையை உயர்த்தி "அம்மா, ப்ளீஸ்" என்பாய், நான் வாயை மூடிக்கொள்வேன். இத்தனை வருஷம் அப்படித்தான் ஓடியது. காகிதத்திடம் உன் கை பலிக்காது. வருகிற தை மாதம் உனக்கும் ஆதம்பாக்கத்து சுதாவுக்கும் கல்யாணம் என்று பேசி முடித்திருக்கிறோம். மண்டபம் பார்த்தாகிவிட்டது, சமையலுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. இந்த நேரத்தில் இன்று மத்தியானம் நான் ஒரு காரியம் செய்துவிட்டு வந்திருக்கிறேன். அது என்ன என்று சொல்வதற்கு முன்னால் ஏன் செய்தேன் என்று சொல்ல வேண்டும். அதற்கு ஹோல்கரிலிருந்து ஆரம்பித்தால்தான் சரிவரும். அவன் பெயரை இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று நீ சட்டம் போட்டிருக்கிறாய். வீடு என் பெயரில் இருக்கிறது, எடுக்கிறேன்.

அவனை நம் மாடிக்கு அனுப்பியது உன் மிருதங்க வாத்தியார். "மாமி, ஜெர்மனிக்காரன், சாதுவா இருக்கான், லயம் கத்துக்கணும்கறான், மாடி காலியாத்தானே இருக்கு" என்று கேட்டார். அப்போது நீ கல்லூரி முடித்துவிட்டு மத்தியானக் கச்சேரிகளுக்கு வாசித்துக்கொண்டிருந்தாய். உன் அப்பா போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது, அவருடைய இன்ஷூரன்ஸ் ஆபீஸில் அவர் இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். ஹோல்கர் நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டு உள்ளே வந்தான். ஒரு கிடார், இரண்டு பை, ஒரு பெட்டி நிறைய ஒயர். ஆத்துல மாமிசம் கூடாது, குடி கூடாது என்றேன். "சரி அம்மா, நான் சாம்பார் சாப்பிடும்" என்றான். ஆறு மாதத்தில் நம் வீட்டுப் பேச்சையும் ஆட்டோ ஸ்டாண்டுப் பேச்சையும் ஒன்றாகக் கலந்து, "அம்மா, நான் ஆத்துக்கு வந்துண்டு இருந்தேன், இன்னா மழை!" என்று வாசலில் நின்று சொட்டச் சொட்டச் சிரித்தான். எனக்கு அவனைப் பிடித்திருந்தது. அதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

அவன் கதையை அவன் ஒரே மூச்சில் சொல்லவில்லை. ராத்திரிச் சாப்பாட்டின்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வான், நீ வாயைப் பிளந்துகொண்டு கேட்பாய். ஹாம்பர்க்கில் பள்ளிக்கூடச் சிநேகிதர்கள் நாலு பேர் சேர்ந்து ராக் குழு ஆரம்பித்தார்களாம். ஒரு கட்டடத்தின் அடியில், முன்பு கரி கொட்டி வைத்திருந்த அறையில் ஒத்திகையாம். எந்தக் கம்பெனியையும் அண்டாமல் தாங்களே முதல் இசைத்தட்டைப் போட்டு, தபால் இலாகா கழித்துக் கட்டிய பழைய வேனில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் வாசித்து, வாசலில் பெட்டியை வைத்து விற்பார்களாம். பத்திரிகைகளில் நல்லபடியாக எழுதினார்கள். உடனே பெரிய கம்பெனிக்காரன் ஒருவன் வந்தான். எந்தப் பாட்டு முதலில் வரவேண்டும், என்ன சட்டை போட வேண்டும் என்பதுவரை கம்பெனிதான் முடிவு செய்யுமாம். ஹோல்கர் முடியாது என்றான். டிரம்ஸ் வாசித்தவனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, அவன் அழுதுவிட்டுக் குழுவை விட்டுப் போனான். குழு உடைந்தது. இவன் கிடாரைத் தூக்கிக்கொண்டு மெட்ராசுக்கு வந்தான். உனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் அந்த 'முடியாது'. அந்த டிரம்ஸ்காரன் என்ன ஆனான் என்று நான்தான் கேட்டேன், நீ கேட்கவில்லை.

மாடியில் அவன் நடத்திய தொழிலை நானும் பார்த்தேன். பகலெல்லாம் புதுப் பாட்டுகளைப் பதிவு செய்வான். உன்னை மிருதங்கம் வாசிக்கச் சொல்லி அதையும் சேர்ப்பான். பிறகு இரண்டு டேப் ரிக்கார்டரை ஒயரால் இணைத்து ஒவ்வொரு கேசட்டாகப் பிரதி எடுப்பான். அட்டையை லஸ் கார்னரில் ஜெராக்ஸ் எடுத்து வந்து மடிப்பான். நான் மைதா மாவில் பசை காய்ச்சிக் கொடுப்பேன், நீ மேல்விலாசம் எழுதுவாய். ஜெர்மனியில் அவனுக்கென்று கொஞ்சம் பேர் இருந்தார்கள், கடிதம் போட்டு வரவழைத்துக் கேட்பவர்கள். தபாலாபீஸ் கவுண்டரில் இருந்தவர், "இன்னா சார், அப்பளம் எக்ஸ்போர்ட்டா?" என்று கேட்டதாக வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தான். சாப்பிட்ட தட்டை அவனே கழுவி வைப்பான். அவனிடம் கற்றுக்கொள்ள எவ்வளவோ இருந்தது. அதில் நீ ஒன்றைத்தான் எடுத்துக்கொண்டாய்.

ஒருநாள் நான் அவனிடம் கேட்டேன். "ஏண்டா ஹோல்கர், கம்பெனி வேண்டாம்னுட்டே. குழுவும் போயிடுத்து. அப்புறம் சாப்பாட்டுக்கு என்ன பண்ணினே?" அவன் கொஞ்சமும் கூச்சப்படாமல் சொன்னான். "கவர்மென்ட் குடுக்கும் அம்மா. வேலை இல்லைன்னா மாசா மாசம் குடுக்கும். வீட்டு வாடகை குடுக்கும். பல் வலின்னா டாக்டர்கிட்ட போனா சும்மா பாக்கறா." பிறகு அவனே, "அதனாலதான் என்னால முடியாதுன்னு சொல்ல முடிஞ்சுது அம்மா. கீழ விழுந்தா அடி படாது" என்றான். நேர்மையான பதில். நீ பக்கத்தில் உட்கார்ந்து மோர் சாதம் பிசைந்துகொண்டிருந்தாய். நான் உன் முகத்தைப் பார்த்தேன். உனக்கு அது காதிலேயே ஏறவில்லை. நம் ஊரில் எந்தக் கவர்மென்ட் உனக்கு மாசா மாசம் கொடுக்கிறது என்று அன்றைக்காவது நீ யோசித்திருக்கலாம். காலையில் பன்னிரண்டு பி பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கிக்கொண்டு போகிற கவர்மென்ட் உன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தது.

அந்த வருஷம் மார்கழி சீசனுக்கு முன்னால்தான் அந்த போன் வந்தது. சபா செக்ரட்டரி பேசினார். மத்தியானம் இலவசக் கச்சேரியில் வாசிக்கிறவன் சாயங்காலக் கச்சேரிக்குப் போவதற்கு எத்தனை வருஷம் ஆகும், எத்தனை பேர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும் என்பது மயிலாப்பூரில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். நீ யார் வாசலிலும் நிற்காமலே வந்தது. பெரிய பாடகர் ஒருவருக்கு வழக்கமாக வாசிப்பவர் அமெரிக்கா போய்விட்டார், பாடகரே உன் பெயரைச் சொல்லியிருக்கிறார். "மாமி, பிள்ளையாண்டானைக் கூப்பிடுங்கோ, இனிமே அவனுக்கு ஏறுமுகம்தான்" என்றார். நான் மாடிப்படியில் பாதி ஏறி நின்று உன்னைக் கூப்பிட்டேன். நீ போனை வாங்கி என்ன சொன்னாய்? "சார், யாருக்கு யார் வாசிக்கணும்னு நீங்க ஏன் முடிவு பண்ணணும்? எனக்கு உங்க ஸ்லாட் வேண்டாம், நான் என் கச்சேரியை நானே பண்ணிக்கறேன்" என்றாய். அவர் போனிலேயே கத்தினார், எனக்கே கேட்டது: "பின்ன யாருப்பா முடிவு பண்ணணும்? கேண்டீன் மாஸ்டரா?" நீ போனை வைத்துவிட்டு, ஏதோ சாதித்தவன்போல மாடிக்கு ஏறிப் போனாய். கொஞ்ச நேரத்தில் ஹோல்கர்தான் இறங்கி வந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது. "அம்மா, அவன் ஏன் வேண்டாம்னான்? அது நல்ல கச்சேரி இல்லையா? நானா இருந்தா வாசிச்சிருப்பேன்" என்றான். அதையே உன்னிடமும் சொன்னானாம். "நான் முடியாதுன்னப்போ எனக்குன்னு கேக்கறவா கொஞ்சம் பேர் இருந்தா. உனக்கு இன்னும் யாரும் இல்லையே ரகு" என்றானாம். நீ அவனுக்கு அடக்கம் அதிகம் என்று என்னிடம் சொன்னாய். மறுநாள் செக்ரட்டரிக்கு நான்தான் போன் செய்து, உனக்கு ஜுரம், ஏதோ உளறிவிட்டாய் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

உன் சொந்தக் கச்சேரியும் நடந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். மார்கழியில், எல்லா சபாவிலும் கச்சேரி நடக்கிற அதே நேரத்தில், தி.நகரில் ஒரு பள்ளிக்கூட ஹாலைப் பிடித்தாய். நீ மிருதங்கம், அவன் கிடார். ஜெராக்ஸ் நோட்டீசை நீயே மாட வீதியில் ஒட்டினாய். என் ஆபீஸ்காரர்களையும் நம் சொந்தக்காரர்களையும் நான் இழுத்துக்கொண்டு வந்தேன். ஹால் வாசலில் நின்ற மாமாக்கள் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "கேண்டீன் எங்கே?" என்பதுதான். கேண்டீன் இல்லை என்றதும் பாதிப் பேர் செருப்பைக் கழற்றாமலே திரும்பினார்கள். மிச்சமிருந்தவர்கள் முதல் உருப்படி முடிந்ததும் காபிக்குப் போய் அப்படியே போய்விட்டார்கள். சீசனில் காலி வயிற்றோடு பாட்டுக் கேட்க வருகிறவன் மயிலாப்பூரில் பிறந்திருக்கிறானா? இது உனக்குத் தெரியாதா? உன்னைச் சொல்லி என்ன, கூட இருந்தது ஹாம்பர்க்காரன், அவனுக்கு எப்படித் தெரியும். கடைசியில் நான், உன் வாத்தியார், ஹால் வாட்ச்மேன், இவ்வளவு பேர்தான் இருந்தோம். நீங்கள் இருவரும் நன்றாகத்தான் வாசித்தீர்கள். அதுவும் எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது, ஏனென்றால் அந்த வாசிப்பை நிறைந்த சபா கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த கோடையில் விசா முடிந்து அவன் போனான். போகும்போது அந்தப் பதிவு மெஷினை உனக்கே விட்டுவிட்டுப் போனான். ஒரு வருஷம் கழித்து ஒரு சாயங்காலம் போன் செய்தான். நான்தான் எடுத்தேன். "அம்மா, எனக்குப் பொண்ணு பொறந்திருக்கா" என்று கத்தினான். பிறகு உன்னிடம் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பேசினாய், பேச்சுக் குறைந்துகொண்டே வந்தது, வைத்துவிட்டாய். பெரிய கம்பெனியில் கையெழுத்துப் போட்டுவிட்டானாம். குழந்தை பிறந்த பிறகு தெருத்தெருவாக வேன் ஓட்ட முடியாது என்றானாம். புதுப் பாட்டுகளோடு ஊர் ஊராகப் போகப்போகிறான், மிருதங்கத்துக்கு நீ வருகிறாயா, டிக்கெட் அனுப்புகிறேன் என்று கேட்டானாம். கம்பெனிக் காசில் வரமாட்டேன் என்றாயாம். அன்றைக்கு ராத்திரி நீ சாப்பிடவில்லை. "வித்துட்டாம்மா, தன்னையே வித்துட்டான்" என்றாய். அன்று முதல்தான் அவன் பெயருக்குத் தடை.

ரகு, அந்த ஒரு வார்த்தையை நான் இன்னும் விழுங்க முடியாமல் வைத்திருக்கிறேன். அவன் தன் குழந்தைக்காக ஒரு கையெழுத்துப் போட்டான். நானும் போட்டேன். உனக்கு ஏழு வயது. உன் அப்பாவின் காரியங்கள் முடிந்த மறுவாரம், அவர் உட்கார்ந்திருந்த அதே மேஜையில், அவர் பெயரை அடித்துவிட்டு என் பெயர் எழுதியிருந்த வருகைப் பதிவேட்டில் போட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் அவருடைய டம்ளரை எடுத்து ஒளித்து வைத்தார், நான் பார்த்து அழக்கூடாது என்று. எனக்கு அந்த ஆபீஸ் ஒருநாளும் பிடித்ததில்லை. யாரோ செத்தார்கள், யாருக்கோ கை போயிற்று என்று வருகிற காகிதங்களைப் பார்த்துப் பார்த்து, இந்த ஊர் சாவதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை என்றே தோன்றும். ஆனாலும் தினமும் கையெழுத்துப் போட்டேன். நீ மாடியில் உட்கார்ந்து யாருக்கும் கட்டுப்படாமல் இருந்தது அந்தக் கையெழுத்தின் மேல் உட்கார்ந்துதான். அவன் தன்னை விற்றான் என்றால் என்னை என்னவென்று சொல்வாய்? நீ அதைச் சொல்லவில்லை. என்னைப் பற்றி நினைக்கவே இல்லை, அதனால் சொல்லவில்லை.

நீ தெரிந்துகொள்ள விரும்பாத மிச்சத்தையும் சொல்கிறேன். தீபாவளிக்குத் தீபாவளி அவன் எனக்குப் போன் செய்கிறான், நீ மாடியில் இருக்கும்போது. கம்பெனி போட்ட முதல் இசைத்தட்டில் ஒரு பாட்டு ரேடியோவில் ஓடியதாம். இரண்டாவது ஓடவில்லை. உடனே கம்பெனி அவனைக் கழற்றிவிட்டது. நான் பாவம் என்று ஏதோ சொல்லப்போனேன், அவன் சிரித்தான். "நல்லதாப் போச்சு அம்மா. இப்போ காலம்பற ஸ்கூல்ல பசங்களுக்குக் கிடார் சொல்லித்தரேன். சாயங்காலம் மறுபடி நானே கேசட் போடறேன். பொண்ணு அட்டை மடிக்கறா" என்றான். சம்பளத்துக்குப் போவது அவனுக்குக் கேவலமாகப் படவில்லை, முடியாது என்று சொன்னதும் பெருமையாகப் படவில்லை. எல்லாம் பாட்டுப் போடுவதற்கான வழி, அவ்வளவுதான். நீ மட்டும் அவன் சொன்ன ஒரு 'முடியாது'வைச் சட்டம் போட்டு மாட்டிவைத்து அதற்குப் பூப்போட்டுக்கொண்டிருக்கிறாய். உன் வாத்தியார் சிஷ்யர்களை அனுப்பினார், சொல்லித்தரமாட்டேன் என்றாய். சினிமாவில் வாசிக்க வடபழனியிலிருந்து ஆள் வந்தது, அனுப்பிவிட்டாய். நீயாகப் போட்ட ஒரு கேசட் பரணில் பெட்டி பெட்டியாக இருக்கிறது. என் ஆபீஸில் அதை வாங்காதவர்கள் இல்லை, கேட்டவர்கள் இல்லை. "பையன் என்ன பண்றான்?" என்று உன் பெரியப்பா கேட்டபோது, "நான் சுயேச்சையா இருக்கேன்" என்றாய். "எந்தத் தொகுதியிலடா?" என்று அவர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், பிறகு சமையலறையில் போய் நின்றேன். ஊர் பெயரே மாறிவிட்டது, மயிலாப்பூருக்குப் பறக்கும் ரயில் வந்துவிட்டது. நீ மட்டும் அந்த மாடியில் அப்படியே இருக்கிறாய்.

இனி சுதாவுக்கு வருகிறேன். எத்தனையோ ஜாதகத்தைப் பார்க்காமலே திருப்பியவன் நீ. வருகிற பங்குனியில் நான் ரிடையர் ஆகிறேன் என்று சொன்ன மாதம், பாங்கில் வேலை பார்க்கிற பெண்ணின் ஜாதகம் வந்தது, சரி என்றாய். நீ திட்டம் போட்டுச் செய்தாய் என்று நான் சொல்லமாட்டேன். உனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. ஒரு கிளை ஆடினால் அடுத்த கிளைக்குப் போகிற மாதிரி போகிறாய், அவ்வளவுதான். பெண் பார்க்கப் போன அன்று பஜ்ஜியும் சொஜ்ஜியும் வைத்துவிட்டு அந்தப் பெண் எல்லார் எதிரிலும், "அவர் சுதந்திரமா வாசிக்கட்டும், வீட்டை நான் பாத்துக்கறேன்" என்றது. எல்லார் முகத்திலும் சந்தோஷம். உன் முகத்திலும். நான் மட்டும் கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டேன். இருபத்தைந்து வயதுப் பெண், பார்க்க லட்சணமாக, குரலில் எவ்வளவு தைரியம். எனக்கு அதைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அதனால் இன்று அரை நாள் லீவு போட்டுவிட்டு அவள் பாங்குக்குப் போனேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். அவள் டப்பாவைத் திறந்து எனக்கும் பாதி தயிர் சாதம் வைத்தாள். இதுவரை உனக்கு எழுதியதை எல்லாம் அவளிடம் சொன்னேன், ஹோல்கரை, செக்ரட்டரியை, கேண்டீன் இல்லாத கச்சேரியை. "நன்னா வாசிப்பான்மா, அதுல பொய்யில்லை. குடி, கெட்ட பழக்கம் ஒண்ணும் கிடையாது. ஆனா நீ பாத்துக்கறேன்னு சொன்னா, காலம் பூரா பாத்துக்கணும். அவன் அதைக் கவனிக்கக்கூட மாட்டான்" என்றேன். அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "மாமி, உங்களுக்கு அந்த ஆபீஸ் பிடிச்சிருந்துதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அவர் எப்பவாவது இதை உங்களைக் கேட்டிருக்காரா?" என்றாள்.

பெண் வீட்டாரிடம் பிள்ளையைப் பெற்றவள் சொல்ல வேண்டிய பதில் எது என்று எனக்குத் தெரியும், ரகு. என் பிள்ளை தங்கம், என்னை உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறான் என்று சொல்ல வேண்டும். எல்லா அம்மாக்களும் சொல்வார்கள், யாரும் அதைப் பொய் என்று எடுத்துக்கொள்வதும் இல்லை. என் வாயில் அது வரவில்லை. "கேட்டதில்லை" என்றேன். அவள் டப்பாவை மூடி வைத்தாள்.

நாளை சாயங்காலம் பாங்க் விட்டதும் அவள் நம் வீட்டுக்கு வருகிறாள், தனியாக, உன்னிடம் பேச. கல்யாணம் உண்டா இல்லையா என்பதை உன்னிடம் பேசிவிட்டுத்தான் அவள் அப்பாவிடம் சொல்வாளாம். என்ன கேட்கப்போகிறாள் என்று என்னிடம் சொல்லவில்லை. இத்தனை நாளும் உனக்கு வந்த கேள்விக்கெல்லாம் நான்தான் பதில் சொன்னேன். நாளைக்கு நான் இருக்கமாட்டேன். ஆபீஸிலிருந்து நேரே கோயிலுக்குப் போய்விட்டு நடை சாத்தின பிறகுதான் வருவேன். டிகாக்‌ஷன் இறக்கி வைக்கமாட்டேன். வருகிற பெண்ணுக்குக் காபியாவது கொடுக்க வேண்டும். அடுப்பு எப்படிப் பற்றும், சர்க்கரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. தேடிக் கண்டுபிடி. அவளைக் கேட்காதே.

அம்மா